கடலடியில் மின்சாரத்தைச் சேமிக்க முடியுமா? மும்பை வாசகர்களின் கேள்விகளும் விடைகளும்

கடலில் நிறுவப்படும் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கடல் தரையிலேயே சேமித்து வைக்கும் முயற்சிகள் சில நாடுகளில் நடந்துவருவதாகச் சென்ற இதழின் இப்பகுதியில் இரண்டொரு வரிகளில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட் என்று மும்பையின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ் வாசகர்கள் கேள்விகள் அனுப்பியுள்ளனர். பொருளின் தேவை கருதி, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: கடலுக்கடியில் மின்சாரத்தைச் சேமிப்பது என்றால், பேட்டரிகளைப் பெட்டியில் அடைத்துத் தண்ணீருக்குள் இறக்குவதா? எளிமையாக விளக்க வேண்டுகிறேன். – வாசகர், மாட்டுங்கா

பதில்: அன்று. இதில் வேதிப்பொருளுக்கு வேலையே இல்லை. நீரின் எடையே சேமிப்புக்கு ஆதாரம். இதைப் புரிந்துகொள்ள உதவும் நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே, ராய்காட் மாவட்டத்துப் பீராவில் இருக்கிறது. மலைமேல் உள்ள முல்ஷி ஏரியின் நீர் ஏறத்தாழ 500 மீட்டர் கீழே இறங்கி வந்து, பீரா புனல் மின் நிலையத்தின் டர்பைன்களை 1927 முதல் சுழற்றி வருகிறது. பிற்காலத்தில் அங்கே சேர்க்கப்பட்ட 150 மெகாவாட் அலகு, மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழே உள்ள நீரைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டு, தேவை கூடும் வேளையில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கவல்லது. நம் ஊர்ப் பக்கம் காடம்பாறையிலும் 400 மெகாவாட் அளவில் இப்படி ஒரு நீரேற்று மின் நிலையம் உண்டு.

இத்தகைய நிலையத்துக்கு மேலே ஒரு நீர்த்தேக்கமும் கீழே ஒரு நீர்த்தேக்கமும் வேண்டும். கடலடிச் சேமிப்பில் மேல் நீர்த்தேக்கம் கடலேதான். கடல் தரையில் வைக்கப்படும் உள்ளீடற்ற கான்கிரீட் கோளம் கீழ் நீர்த்தேக்கம். காற்றாலைகள் தேவைக்கு மேல் மின்சாரம் தரும்போது, அந்த மின்சாரத்தால் பம்பை இயக்கிக் கோளத்துக்குள் இருக்கும் நீரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். கோளம் காலியாக இருப்பதுதான் அது சேமிப்பால் நிறைந்திருக்கும் நிலை. பிறகு மின்சாரம் தேவைப்படும்போது வால்வைத் திறந்தால், மேலே நிற்கும் நீரின் அழுத்தம் முழுவதும் சேர்ந்து கடல்நீரைக் கோளத்துக்குள் தள்ள, உள்ளே பாயும் அந்த நீர் வழியில் உள்ள டர்பைனைச் சுழற்றும். பம்பும் டர்பைனும் ஒரே இயந்திரம். எதிர்த்திசையில் ஓடினால் ஒன்று மற்றதாகிவிடும்.

ஹார்ஸ்ட் ஷ்மிட்-பாக்கிங், கெர்ஹார்ட் லூதர் என்னும் இரு ஜெர்மானிய இயற்பியலாளர்கள் முன்வைத்த கருத்து இது. அந்நாட்டின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2016 நவம்பரில் கான்ஸ்டன்ஸ் ஏரியில், 100 மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் விட்டமுள்ள கோளத்தை இறக்கிச் சோதித்தது, சோதனை வெற்றி. அடுத்த கட்டமாக 9 மீட்டர் விட்டமும் 400 டன் எடையும் கொண்ட கோளத்தை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், லாங் பீச் நகருக்கு அப்பால் 500 முதல் 600 மீட்டர் ஆழத்தில் வைப்பதென்றும், 2026 இறுதிக்குள் அதை முடிப்பதென்றும் 2024-இல் அறிவித்தார்கள். அதன் திறன் அரை மெகாவாட். இறுதியில் அவர்கள் எட்ட நினைப்பது, ஒவ்வொன்றும் 30 மீட்டர் விட்டமுள்ள கோளங்களைப் பல எண்ணிக்கையில் ஒரே இடத்தில் அமைப்பதாகும்.

கேள்வி: அவ்வளவு ஆழத்தில் கோளம் நசுங்கிவிடாதா? காலியாக்கினால் மிதந்து மேலே வந்துவிடாதா? ஒரு கோளத்தில் எவ்வளவு மின்சாரம் நிற்கும் என்பதைக் கணக்கோடு சொல்ல முடியுமா? – பொறியியல் மாணவி, செம்பூர்

பதில்: மூன்றும் சரியான கேள்விகள்; விடைகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. 700 மீட்டரில் அது 70 மடங்கு. அதாவது கோளத்தின் புறப்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் சுமார் 700 டன் எடை அழுத்திக்கொண்டிருக்கும். இதைக் கேட்டால் அச்சமாக இருக்கும். ஆனால் கான்கிரீட், இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடுமே தவிர, அமுக்கத்தை நன்றாகத் தாங்கும் பொருள். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தப்படும் கோள வடிவத்தில் சுவர் முழுவதும் அமுக்கத்துக்கு மட்டுமே உள்ளாகிறது. சுவரின் கனத்தை இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலாக வைத்துக் கணக்கிட்டால், உள்ளே ஏற்படும் தகைவு எம்40 வகைக் கான்கிரீட்டின் தாங்குவலிமையில் ஏறக்குறைய பாதியளவில் நிற்கும். ஆகவே 600 முதல் 800 மீட்டர் வரையிலான ஆழம் உகந்தது என்கிறார்கள். அதற்கும் கீழே போனால் சேமிப்பு கூடும், ஆனால் சுவரும் பம்பும் கேபிளும் அதைவிட வேகமாக விலையேறும்.

மிதப்பதைப் பற்றிய கேள்விதான் சுவரின் கனத்தை உண்மையில் முடிவு செய்கிறது. உள்ளே ஏறத்தாழ 12 ஆயிரம் கன மீட்டர் இடம் காலியாக இருந்தால், கடல்நீர் அதை 12 ஆயிரம் டன்னுக்கும் கூடுதலான விசையோடு மேலே தூக்கும். அதை மீறிக் கோளம் தரையில் அமர்ந்திருக்க, நீருக்குள் கான்கிரீட் இழக்கும் எடையையும் கணக்கில் கொண்டால், 9 ஆயிரம் கன மீட்டர் அளவுக்குக் கான்கிரீட் வேண்டும். எடையில் சொன்னால் 20 ஆயிரம் டன்னுக்கு மேல். கோளம் நசுங்காமல் இருக்கத் தேவைப்படும் கனமும், மிதக்காமல் இருக்கத் தேவைப்படும் கனமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைவது இந்த வடிவமைப்பின் அழகு. தனியாக நங்கூரம் வேண்டியதில்லை.

இனிச் சேமிப்பின் அளவு. 12 ஆயிரம் டன் நீரை 700 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அவ்வளவுதான் கணக்கு. தங்கள் பாடநூலில் உள்ள நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் சுமார் 23 ஆயிரம் யூனிட் கிடைக்கும். டர்பைனில் ஏற்படும் இழப்பு போக 20 ஆயிரம் யூனிட் வெளியே வரும் என்று கொள்ளலாம். 5 மெகாவாட் வீதம் 4 மணி நேரம். போட்ட மின்சாரத்தில் 75 முதல் 80 விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இக்கணக்கில் ஆழத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 700 மீட்டருக்குப் பதில் 75 மீட்டர் என்றால், அதே கோளத்தில் நிற்பது சுமார் 2,500 யூனிட்தான். அடுத்த கேள்விக்கு இந்த எண் தேவைப்படும்.

கேள்வி: 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுவதும் மின்சாரம் நின்று, லோக்கல் ரயில்கள் வழியில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. நமக்கு எதிரே இவ்வளவு பெரிய அரபிக்கடல் இருக்கும்போது, இக்கோளங்களை இங்கேயே வைத்து நகரத்தைக் காக்கலாமே? – வாசகர், முலுண்ட்

பதில்: தங்கள் கவலை மிக நியாயமானது. ஆனால் மும்பைக்கு எதிரே உள்ள கடல் பரப்பில்தான் பெரியதே தவிர ஆழத்தில் பெரியதன்று. இந்தியாவின் கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து மெல்லச் சரிந்து செல்லும் ஆழம் குறைந்த கடலடி மேடை, நாட்டிலேயே மிக அகலமாக இருப்பது மும்பைக்கும் காம்பே வளைகுடாவுக்கும் எதிரேதான்; ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வரை நீள்கிறது. 1974-இல் எண்ணெய் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் சுமார் 75 மீட்டர். எண்ணெய் எடுக்க மேடைகளைத் தரையில் ஊன்றி நிறுத்துவதற்கு இந்த ஆழக் குறைவு பேருதவியாக அமைந்தது. நம் கோளத்துக்கோ அதுவே பெருந்தடை. மேலே கண்ட கணக்குப்படி, 20 ஆயிரம் டன் கான்கிரீட்டைக் கொட்டி 2,500 யூனிட்டைச் சேமிப்பது எந்த வகையிலும் கட்டுப்படியாகாது.

கண்டத்திட்டைத் தாண்டிப் போய் 700 மீட்டர் ஆழத்தில் வைக்கலாமே என்றால், அங்கிருந்து நகரத்துக்கு 300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் போட வேண்டும். 2020-இல் நடந்தது, வெளியிலிருந்து நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்ததும், அவ்வேளையில் நகரத்தைத் தனித்தீவாகப் பிரித்துக் காக்க வேண்டிய 1981 காலத்து ஏற்பாடு தாங்காமல் போனதும் ஆகும். அத்தகைய நாளில் உதவ வேண்டிய சேமிப்பு நகரத்துக்குள்ளேயோ மிக அருகிலோ இருந்தாக வேண்டும். 300 கிலோமீட்டர் கேபிளின் மறுமுனையில் இருக்கும் சேமிப்பு, தானே இன்னொரு நீண்ட தடத்தை நம்பி நிற்பதாகிவிடும். அளவையும் எண்ணிப் பாருங்கள். மும்பையின் உச்ச மின்தேவை 4 ஆயிரம் மெகாவாட்டை எட்டுகிறது. அதை 4 மணி நேரம் முழுமையாகத் தாங்க 800 கோளங்கள் வேண்டும்.

மும்பைக்கு இயற்கை தந்திருக்கும் உயர வேறுபாடு கடலில் இல்லை, சகியாத்ரி மலைத்தொடரில் இருக்கிறது. கடல் தரையில் 500 மீட்டர் ஆழத்தால் கிடைக்கும் அதே அழுத்தம், மலைச்சரிவில் 500 மீட்டர் உயரத்தால் கிடைக்கிறது. அதுவும் நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவில். 250 மெகாவாட் காட்கர் நீரேற்று நிலையம் 2008 முதல் இருக்கிறது. பிவ்புரியில் 1,000 மெகாவாட், ஷிரவ்தாவில் 1,800 மெகாவாட் என்று இரு புதிய நீரேற்று நிலையங்களுக்கு டாடா பவர் நிறுவனமும் மாநில அரசும் 2023-இல் ஒப்பந்தம் செய்துள்ளன. நகரத்துக்குள் வைக்கும் பேட்டரிகளும், மலையில் அமையும் இந்த நிலையங்களும்தான் மும்பைக்கான வழி என்பது என் உறுதியான கருத்து.

இதில் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பீராவுக்கு நீர் தரும் முல்ஷி அணை கட்டப்பட்டபோது நிலத்தை இழந்த மாவள் பகுதி உழவர்கள், விடுதலைப் போராட்ட வீரர் சேனாபதி பாபட்டின் தலைமையில் 1921-இல் சத்தியாகிரகம் செய்தார்கள். அணை எழுந்தது, அவர்களுடைய ஊர்கள் மூழ்கின. மலையில் நீரைத் தேக்குவதற்கு எப்போதும் யாரோ ஒருவருடைய நிலம் விலையாகிறது. கடலடிக் கோளத்தால் எந்த ஊரும் மூழ்காது என்பது, அதன் ஆதரவாளர்கள் சொல்லும் காரணங்களிலேயே எனக்கு மிக வலுவானதாகத் தோன்றுவது.

கேள்வி: ஊர் மூழ்காது, சரி. மீன்பிடிப்பவர்கள் என்ன செய்வார்கள்? என் அண்ணன்மார் இருவரும் தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகில் தொழில் செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் காற்றாலை வரப்போகிறது என்ற பேச்சே அவர்களை உறக்கமில்லாமல் செய்திருக்கிறது. – வாசகி, தாராவி

பதில்: தங்கள் அண்ணன்மாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவோர் உண்டு, அது தவறு. கோளம், கேபிள், காற்றாலை ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கோளம் இருக்கும் 600, 700 மீட்டர் ஆழத்துக்கு நம் கரையோர இழுவை மடிகள் பொதுவாக இறங்குவதில்லை. ஆகவே வலையும் கோளமும் சந்திப்பது அரிது. உள்வாங்கும் வாயில் வலைத்தடுப்பு வைத்து, நீர் நுழையும் வேகத்தையும் குறைத்தால் உயிரினங்கள் உறிஞ்சப்படுவதைப் பெரிதும் தவிர்க்கலாம். அதே ஆழத்து நீரையே எடுத்து அதே ஆழத்தில் விடுவதால், கடலின் வெவ்வேறு அடுக்குகள் கலந்துபோவதும் இல்லை. ஆனால் இரவும் பகலும் இயங்கும் பம்பின் ஒலி ஆழ்கடல் உயிர்களையும் திமிங்கிலங்களையும் எப்படிப் பாதிக்கும் என்பதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். ஏரியில் நடந்த சிறு சோதனை அதற்குச் சான்றாகாது.

தொழிலைத் தொடுவது கேபிள்தான். ஆழத்திலிருந்து கரைக்கு வரும் கேபிள், மீன்பிடிப் பரப்பின் குறுக்கே வந்தே தீர வேண்டும். அதைத் தரைக்கடியில் போதிய ஆழத்தில் புதைக்காவிட்டால் மடி சிக்கும், கேபிளும் அறும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கேபிள் பதித்தால் யாருக்கும் இழப்பில்லை என்று சொல்லக்கூடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகத்தான் அந்தத் தடையே விதிக்கப்பட்டது; அந்த அறுபத்தொரு நாளில் கடல் தரையைக் கிளறுவதற்கு மீனவர்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது. வேறு மாதத்தில் பதித்து, படகு இறங்காத ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு தருவதே நேர்மையான வழி.

காற்றாலைகளின் நிலை இன்னும் கடினமானது. தரையில் ஊன்றி நிறுத்தும் காற்றாலைக்கு ஆழம் குறைந்த கடல் வேண்டும். மீனவருக்கும் அதுவே வேண்டும். ஒவ்வொரு கட்டமைப்பைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு எல்லை விதிக்கப் பன்னாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லையால் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் தொழிற்பரப்பு மேலும் சுருங்கலாம். எங்கே எத்தனை காற்றாலை, எந்தப் பாட்டைகள் படகுகளுக்குத் திறந்திருக்கும் என்பது வரைபடத்தில் உறுதியாகும் முன்பே மீனவர் சங்கங்கள் அந்த மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். அடிக்கல் நாட்டிய பிறகு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தால் பயனில்லை.

கேள்வி: தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைப் பைகளில் அடைத்துக் கடலடியில் வைப்பதாகவும் கேள்விப்பட்டேன். – வாசகர், சயான் கோலிவாடா

பதில்: உண்மை. கனடாவின் டொராண்டோவில், ஒன்டாரியோ ஏரியில் சுமார் 55 மீட்டர் ஆழத்தில், 2015-இல் ஹைட்ரோஸ்டோர் நிறுவனம் அப்படி ஒன்றை அமைத்தது. கரையில் காற்றை அமுக்கிக் குழாய் வழியே பைகளுக்கு அனுப்பி, தேவைப்படும்போது நீரின் எடை அந்தக் காற்றைத் திரும்பத் தள்ள, அதைக் கொண்டு டர்பைனை இயக்கினார்கள். பை நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் அழுத்தம் ஒரே சீராக இருப்பது இதன் சிறப்பு. காற்றை அமுக்கும்போது எழும் வெப்பத்தைச் சேமித்துத் திரும்பப் பயன்படுத்தாவிட்டால், போட்ட மின்சாரத்தில் பெரும்பகுதி வீணாகும். இதுவே இதன் குறை.

கேள்வி: ஆடி மாதக் காற்றை இப்படிச் சேமித்து வைத்துப் பங்குனி வெயிலில் ஏர் கண்டிஷனர் ஓட்ட முடியுமா? – வாசகர், டோம்பிவிலி

பதில்: முடியாது. இவை மணிக்கணக்கில் சேமிப்பவை, மாதக்கணக்கில் அல்ல. முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை பெருக்கித் தரும் மின்சாரத்தை அடுத்த கோடை வரை வைத்திருக்க வேண்டுமானால், ஒவ்வொரு கோளமும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை நிறைந்து ஒரே ஒரு முறை காலியாகும். அப்படி ஒரு முதலீட்டை யாராலும் மீட்க இயலாது. நாள்தோறும் நிரம்பி நாள்தோறும் தீர்ந்தால்தான் இத்தொழில்நுட்பத்துக்குப் பொருளாதாரம் கைகொடுக்கும்.

கேள்வி: லித்தியம் பேட்டரியின் விலை ஆண்டுதோறும் சரிந்து வருகிறது. இந்நிலையில் கடலுக்கடியில் கான்கிரீட்டைப் புதைப்பது தேவையா? – வங்கி ஊழியர், வாஷி

பதில்: இன்றைய நிலவரத்தில் பேட்டரியே முந்தி நிற்கிறது. கண்டெய்னரில் வந்து சில மாதங்களில் இயங்கத் தொடங்கிவிடுகிறது. 100 யூனிட் போட்டால் 85 யூனிட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. கோளத்தின் பலம் அதன் ஆயுளில் இருக்கிறது. கான்கிரீட் 50 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்றும், பம்ப் அலகை மட்டும் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே தூக்கி மாற்றினால் போதும் என்றும் மதிப்பிடுகிறார்கள். பேட்டரியை அதற்குள் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டிவரும். மேலும் சிமென்ட், மணல், ஜல்லி, கம்பி ஆகியவை நம் நாட்டிலேயே கிடைப்பவை. லித்தியத்துக்கு நாம் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறோம். இதனால் ஆராய்ச்சியைக் கைவிடக் கூடாது என்கிறேன். ஆனால் இன்று அவசரமாக வாங்க வேண்டிய சேமிப்புக்கு ஓர் அரசு பேட்டரியையும் நீரேற்று நிலையத்தையும் தேர்ந்தெடுத்தால், அதில் குறை காண மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் இந்தியாவில் இதற்கு இடமே இல்லையா? – வாசகி, மாட்டுங்கா

பதில்: இடம் உண்டு, அது மேற்கே லட்சத்தீவிலும் கிழக்கே தமிழகக் கரைக்கு அப்பாலும் இருக்கிறது. லட்சத்தீவுகள் ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்தவை. கவரத்தியில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அமைத்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்ந்த நீரைக் கரையிலிருந்தே குழாய்வழி இழுக்கிறது. ஆழம் அவ்வளவு அருகில். கப்பலில் டீசல் கொண்டுவந்து மின்சாரம் எடுத்துப் பழகிய அத்தீவுகளில் இப்போது சூரிய மின்சாரம் பெருகி வருகிறது. பரப்பு மிகக் குறைவு என்பதால் தரையில் எதை வைப்பதற்கும் இடநெருக்கடி. சிறிய கோளம் ஒன்றைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் இல்லை என்று கருதுகிறேன். பவளப்பாறைகளைத் துளைக்காமல் கேபிளைக் கரையேற்றுவது மட்டும் நிபந்தனை.

கிழக்குக் கரையில் கண்டத்திட்டு குறுகலானது. சென்னைக்கு 40 கிலோமீட்டர் அப்பால் 2007-இல் மிதவை ஒன்றின் மீது இயங்கிக் காட்டிய குடிநீர் நிலையம், 500 மீட்டருக்கும் கீழே உள்ள நீரை எடுத்தது. ஆகவே தேவையான ஆழம் அங்கே எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. ஆனால் சேமிப்பதற்கு முதலில் கடலில் மின்சாரம் உற்பத்தியாக வேண்டுமே! குஜராத், தமிழ்நாடு ஆகிய இரு கரைகளிலும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்காக மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் நிதித்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்த 1,000 மெகாவாட் முழுவதும் வந்துவிட்டாலும், நிலத்தில் உள்ள மின்தொகுப்பே அதை ஏற்றுக்கொள்ளும். கடலடிச் சேமிப்பு கட்டாயமாகாது. ஸ்காட்லாந்தில் 2017 முதல் இயங்கும் ஹைவிண்ட் போன்ற மிதக்கும் காற்றாலைகள் இங்கும் ஆழ்கடலுக்குச் செல்லும் காலத்தில்தான், காற்றாலையும் கோளமும் ஒரே இடத்தில் அமைந்து ஒரே கேபிளைப் பகிர்ந்துகொள்ளும்.

கடல் வேலை எவ்வளவு கடினமானது என்பதையும் நம் அனுபவமே காட்டியிருக்கிறது. கடல்நீரின் வெப்ப வேறுபாட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தூத்துக்குடிக் கடலில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்கொண்ட முயற்சி, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை ஆழத்தில் இறக்கிப் பொருத்த முடியாமல் நின்றுபோனது. கொள்கையில் பிழையில்லை, ஆழ்கடலில் பெரிய பொருளை இறக்கும் கைத்திறன் போதவில்லை. 20 ஆயிரம் டன் கோளத்தைப் பற்றிப் பேசுவோர் அந்த வரலாற்றை ஊன்றிப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இத்துறையில் ஈடுபட என்ன படிக்க வேண்டும்? – வாசகர், தாராவி

பதில்: கடல்சார் பொறியியல் நேரடியான வழி, சென்னை, கரக்பூர் ஐஐடிகளில் அதற்குத் தனித்துறைகள் உள்ளன. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் ஆகிய மூன்றில் எதைப் படித்துவிட்டும் மேற்படிப்பில் இதற்குள் வரலாம். கடல்சார் தொழில்நுட்பத்துக்கும் காற்றாற்றலுக்கும் உரிய இரு தேசிய நிறுவனங்களும் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கின்றன; மாணவர்களுக்கான பயிற்சி வாய்ப்புகளைப் பற்றி அவற்றின் இணையதளங்களில் அவ்வப்போது அறிவிப்பு வரும்.